கடலோரத்தில் குடியேற ஆசை: மரக்காணம் மனையா, தூத்துக்குடியா, நாகர்கோவிலா?

கேள்வி: எனக்கு வயது 60. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து போன மாதம் ஓய்வு பெற்றேன். மனைவிக்கு 55. மேடவாக்கத்தில் கடன் இல்லாத இரண்டு பெட்ரூம் பிளாட் இருக்கிறது, வாடகைக்கு விட்டால் 18,000 வரும். பிஎஃப், கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 55 லட்சம். பென்ஷன் மாதம் 3,100. ஒரே மகள், பெங்களூருவில் வேலை. எனக்கு சுகர், மனைவிக்கு வீசிங். அவர் ஆன்லைனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். சென்னை நெரிசலும் செலவும் போதும் என்றாகிவிட்டது, கடல் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் போய் இருக்கலாம் என்று நினைக்கிறோம். என் ஊர் தர்மபுரி பக்கம், மனைவிக்கு சேலம், கடலோரத்தில் சொந்தம் யாரும் இல்லை. மரக்காணம் அருகே ஈசிஆரில், கடலிலிருந்து 300 மீட்டரில் ஒரு மனை பார்த்திருக்கிறேன். பிளாட்டை விற்று அங்கே வீடு கட்டலாமா? இல்லை புதுச்சேரி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகர்கோவில் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போகலாமா? மாதம் 40,000 ரூபாய்க்குள் குடும்பம் நடத்த வேண்டும்.
– வாசகர், சென்னை

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் மனை வேண்டாம். மேடவாக்கம் பிளாட்டை விற்க வேண்டாம். நாகர்கோவிலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு முழு வருடம் இருந்து பாருங்கள். சொந்தமாக வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம், யோசிக்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் செலவு குறைவான ஊர் எது என்று மட்டும் பார்த்தால் பதில் வேறாக வரும். நீங்கள் கொடுத்த பட்டியலில் சிக்கனமாக வாழ நாகப்பட்டினம் போதும். ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஊர் மாறும் தம்பதிகள் என்னிடம் வரும்போது நான் முதலில் கேட்பது வேறு ஒரு கேள்வி, கேட்கச் சங்கடமான கேள்விதான். உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் நாள் வந்தால், அந்த ஒருவர் அந்த ஊரில் தனியாகக் காலம் தள்ள முடியுமா? உங்களுக்கு 60, அவருக்கு 55. சுகர் உங்களுக்கு. கணக்குப்படி பார்த்தால் கடைசிச் சில வருடங்கள் அந்த ஊரில் தனியாக இருக்கப் போவது பெரும்பாலும் உங்கள் மனைவிதான். அப்படியென்றால் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரும் அவர்தான். உங்கள் கடிதத்தில் அவருடைய வீசிங் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, அவருக்கு எந்த ஊர் பிடிக்கும் என்பது மட்டும் இல்லை. தயவுசெய்து இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தக் கேள்வியை மரக்காணம் மனையிடம் கேட்டுப் பாருங்கள். ஈசிஆரை ஒட்டிய தனி மனை. பால், மருந்து, காய்கறி எதற்கும் வண்டி எடுக்க வேண்டும். உங்கள் மனைவி கார் ஓட்டுவாரா என்று எழுதவில்லை, ஓட்டினாலும் 70 வயதில் ராத்திரி மூச்சுத் திணறும்போது அவரே ஓட்டிக்கொண்டு புதுச்சேரி வரை போக முடியாது. ஈசிஆரில் கணவர் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டை அவர் போன பிறகு பூட்டிவிட்டு மகன், மகள் வீட்டுக்குப் போய்விட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டிக் கிடக்கும் கடலோர வீடு மாதிரி சீக்கிரம் பாழாகும் சொத்து வேறு கிடையாது, விற்கவும் லேசில் முடியாது.

300 மீட்டர் என்கிறீர்கள். அந்த 300 எங்கிருந்து? மணலில் நின்று பார்த்து அளந்ததா, தரகர் சொன்னதா? சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து. அங்கிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது பேச்சுவழக்கில் எல்லோரும் சொல்கிற சிஆர்இசட். கிராமப் பகுதிகளில் பொதுவாக முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. அதற்கு மேல் 500 வரை நிபந்தனைகளோடு, தனியாக அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கடல் மட்டுமில்லை, அலை ஏறி இறங்கும் கழிமுகம், ஓடை இவற்றின் கரைகளுக்கும், தூரம் வேறாக இருந்தாலும், கட்டுப்பாடு உண்டு, மரக்காணம் பக்கம் உப்பங்கழிகளும் உப்பளங்களும் எவ்வளவு என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்று சொல்வார்கள். அது வேறு, இது வேறு. மனைப்பிரிவுக்கு டிடிசிபி ஒப்புதலும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இருந்து, சர்வே எண்ணைக் கடலோர மண்டல வரைபடத்தில் வைத்துப் பார்த்து, பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் ஒரு வக்கீல் படித்த பிறகுதான் அட்வான்ஸ் பேச்சே எடுக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் உங்களுக்கு அந்த மனை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் செலவு. பிளாட்டை விற்றால் மூலதன ஆதாய வரி வரும். அதைத் தவிர்க்க மறுபடி வீட்டில் போடலாம், ஆனால் வெறும் மனை வாங்கினால் விலக்கு கிடைக்காது, விற்ற நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதில் வீடு கட்டி முடித்திருக்க வேண்டும். அனுமதி வர இழுத்தடித்தால் அந்த மூன்று வருடம் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்தே 9 சதவீதம். 40 லட்சத்துக்கு எதை வாங்கினாலும் 3,60,000 ரூபாய் அன்றைக்கே போய்விடும், பிடிக்கவில்லை என்று ஒரு வருடத்தில் விற்றால் அது திரும்பி வராது. பழக்கமில்லாத ஊரில் முதல் வருடமே வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

அப்புறம் உப்பு. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மாதச் செலவுக் கணக்கில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்குவார்கள், வெளியூரிலிருந்து போகிறவர்கள் ஒதுக்க மாட்டார்கள். அலைச்சாரல் காற்றில் வரும் தூரத்தில் இருக்கும் வீட்டில் ஜன்னல் கம்பி பெயிண்ட் அடித்த சில மாதத்தில் கொப்பளிக்கும், ஏசியின் வெளி யூனிட்டில் காயில் அரித்து கேஸ் போய்விடும், கேட்டின் கீல் இறுகும், ஸ்கூட்டர் சைலன்சர் ஓட்டையாகும். கட்டிடத்துக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்து ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் ஹாலையும் மாடுலர் கிச்சனையும் காட்டுவார். நீங்கள் வெளியே வந்து சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். நீளவாக்கில் ஒரு விரிசல், அதை ஒட்டி காப்பிக் கறை போல ஒரு கோடு இருந்தால் உள்ளே கம்பி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புது பெயிண்டுக்கு அடியிலும் அந்த இடத்தைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், போர் தண்ணீர் எப்படி என்று அதுவே சொல்லிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீருக்கு அந்த மீட்டரில் 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. 2,000 தாண்டினால் அந்த வீட்டில் சமையலுக்கும் கேன் தண்ணீர்தான்.

அதனால்தான் கடலோர ஊர் என்றால் கடலைப் பார்த்த வீடு என்று நினைக்காதீர்கள் என்கிறேன். கரையிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டராவது உள்ளே தள்ளி வீடு, சாயங்காலம் பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ கடற்கரை. வாடகையும் குறையும், ரிப்பேரும் குறையும்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

ராமேஸ்வரத்தை விட்டுவிடலாம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது தீவு. பெரிய அரசு மருத்துவமனை என்றால் 55 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரம், அதற்கும் மேல் என்றால் மதுரை, கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். சுகரும் வீசிங்கும் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. யாத்திரை போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வாருங்கள்.

நாகப்பட்டினமும் பக்கத்துக் காரைக்காலும் மலிவு, அமைதி, மக்கள் அன்பானவர்கள், நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் கைக்கெட்டும் தூரம். நாகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, காரைக்காலில் ஜிப்மரின் (புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) கிளைக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் சிக்கலான சிகிச்சைக்கு இன்னும் தஞ்சாவூருக்கோ அதற்கு அப்பாலோதான் ஓடுகிறார்கள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக அதிகமாக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மாவட்டத்தின் பல பகுதிகள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. சொந்தபந்தம் உள்ளவர்கள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் தாங்கிக் கடந்துவிடுவார்கள். யாரையும் தெரியாமல் புதிதாகப் போகும் இரண்டு பேருக்கு அது கஷ்டம்.

புதுச்சேரி உங்களுக்கு இரண்டாவது சாய்ஸ். ஜிப்மர் ஒன்றுக்காகவே அந்த ஊருக்குக் குடிபோனவர்கள் உண்டு, சென்னைக்கு விடிய விடிய பஸ் உண்டு, மூன்று மணி நேரத்தில் பழைய டாக்டரையே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மேடவாக்கத்தை முழுசாக விட்டுவிட மனசு வரவில்லை என்று உங்கள் மனைவி சொன்னால் புதுச்சேரிக்கே போங்கள். ஆனால் சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் சென்னை நெரிசலைக் கூடவே கொண்டுவருகிறது, நீங்கள் ஓடிவர நினைப்பது அதிலிருந்துதான். பட்டியலில் மற்ற ஊர்களைவிட வாடகையும் அதிகம். கடலை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டி ஊரே மிதந்தது. போவதென்றால் வெள்ளைக்காரத் தெரு அழகைப் பார்த்து மயங்காமல் ஜிப்மர் இருக்கும் கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கம் மேட்டுப் பகுதியாகப் பாருங்கள்.

தூத்துக்குடிதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. உங்கள் கடிதத்தில் வீசிங் என்ற ஒரு வார்த்தை இல்லாதிருந்தால் நான் தூத்துக்குடியைத்தான் சொல்லியிருப்பேன். மாநகராட்சி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருநெல்வேலி ஒரு மணி நேரத்தில், ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர், மகளைப் பார்க்கப் பெங்களூரு வழியாகப் போகும் மைசூர் ரயில், அவசரத்துக்கு வாகைக்குளத்தில் விமான நிலையம். மீன் அருமையாகக் கிடைக்கும், வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய துறைமுக ஊர், யார் நீங்கள், எந்த ஊர், என்ன ஆள் என்று துருவாமல் வீடு கொடுப்பார்கள். ஆனால் அதே ஊரில் அனல்மின் நிலையம் இருக்கிறது, ரசாயன ஆலைகள் இருக்கின்றன, துறைமுகத்துக்கு நிலக்கரி வந்து போகிறது. காற்றைச் சுத்தமாக்க வேண்டிய ஊர்கள் என்று மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்த்த நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை நான்குதான்: சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. வீசிங் இருக்கிறவரைச் சென்னையிலிருந்து கூட்டிக்கொண்டு அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு ஊருக்குப் போவதில் என்ன லாபம்?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு, மூச்சுப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு, தூத்துக்குடி இன்றும் நல்ல தேர்வு. ஒன்றை மட்டும் விசாரியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி ஊருக்குள் தண்ணீர் வந்தது, சில காலனிகளில் நாள்கணக்கில் வடியவே இல்லை. வீடு பார்க்கும்போது ஹவுஸ் ஓனரிடம் கேட்காதீர்கள், அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடமோ மளிகைக் கடையிலோ கேளுங்கள்: "அந்த டிசம்பர்ல இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" அவர்கள் கையை வைத்துக் காட்டிவிடுவார்கள். இன்னொன்று, 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்ததைச் சொல்லி மனை விற்க வருவார்கள். வாடகைக்குப் போகிறவருக்கு அந்தப் பேச்சு தேவையில்லை.

நாகர்கோவில் கடலை ஒட்டிய ஊர் இல்லை. சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைகள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், கன்னியாகுமரி இருபது. எனக்கு அதுவே அதன் பலமாகப் படுகிறது. உப்புக்காற்று வீட்டுக்குள் வராது, நினைத்தால் டவுன் பஸ் ஏறிக் கடலுக்குப் போய்விடலாம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் வயலும் தென்னையும், இந்தப் பக்கம் கடல். வெயில் சென்னை மாதிரி வறுக்காது. ஊரைச் சுற்றிப் பெரிய ஆலைகள் இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் எட்டிப் பார்க்கும் மாவட்டம். அந்த ஈரப்பதமும் பூஞ்சையும் சிலருக்கு மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் உங்கள் மனைவியின் நுரையீரல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வீடு எடுக்கும்போது சுவரில் ஓதம் ஏறாத, காற்றோட்டமான வீடாகப் பாருங்கள்.

மருத்துவத்துக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊருக்குள் தனியார் மருத்துவமனைகள் ஏராளம். அதைவிடப் பெரிய விஷயம், 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். இதயத்துக்கும் மூளை நரம்புக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், புற்றுநோய்க்கு மண்டலப் புற்றுநோய் மையம், இரண்டும் நாடறிந்த அரசு சார்ந்த நிறுவனங்கள். நீங்கள் எழுதிய ஐந்து ஊர்களில் இப்படிப் பக்கத்து மாநிலத் தலைநகரையே பின்பலமாக வைத்திருப்பது இது ஒன்றுதான். விமானமும் அங்கிருந்தே.

ரயிலைப் பாருங்கள். பெங்களூரு – நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிறது, சேலம் வழியாக. உங்கள் மகளும் மனைவியின் பிறந்த வீடும் ஒரே தடத்தில் வந்துவிடுகிறார்கள். அவர் தனியாகவே ஏறி, தனியாகவே இறங்கிக்கொள்ளலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இந்த ஒரு ரயில் எவ்வளவு பெரிய பதில் என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பல காலமாக இருக்கிறது, 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தும் ஓடுகிறது, ஒன்பது மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும்.

குறைகளையும் சொல்கிறேன். நிலத்தின் விலை. அங்கே மனையைச் செண்டு கணக்கில்தான் பேசுவார்கள், அந்த விலையைக் கேட்டால் சின்ன ஊர்தானே என்று போனவர்களுக்குத் தலை சுற்றும். வாடகை அந்த அளவுக்கு இல்லை. வாங்க விலை அதிகம், வாடகைக்கு நியாயம் என்றிருக்கும் ஊரில் வாடகைக்கு இருப்பதுதான் புத்திசாலித்தனம். தெருக்கள் குறுகல், வடசேரி, செட்டிகுளம், கோட்டாறு பக்கம் காலை மாலை நெரிசல் இருக்கும். கோடையில் முக்கடல் அணை வற்றினால் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு வரும், வீட்டில் நல்ல கிணறு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். புயலே வராத ஊர் என்று யாராவது சொன்னால் 2017 நவம்பர் 30-ஐ நினைவுபடுத்துங்கள், ஒக்கி அந்த மாவட்டத்து மீனவக் குடும்பங்களைச் சிதைத்துவிட்டுப் போனது. 2021 நவம்பரிலும் வெள்ளம் வந்தது. ஒழுகினசேரியில் பழையாற்றை ஒட்டிய தாழ்வான இடங்களில் வீடு எடுக்காதீர்கள். வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், இராமன்புதூர் பக்கம், பஸ் ஸ்டாப்பும் மெடிக்கல் ஷாப்பும் நடக்கும் தூரத்தில், தரைத்தளமோ லிப்ட் உள்ள இடமோ பாருங்கள்.

கடல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அங்குள்ள கடல் மெரினா மாதிரி கால் நனைத்து நிற்கும் கடல் இல்லை. காற்றே இல்லாத நல்ல நாளில் தூரக் கடலிலிருந்து பெரிய அலை திடீரென்று ஏறி வரும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எச்சரிக்கை கொடுத்திருக்கும் நாளில் கரைக்கே போகாதீர்கள், மகளும் அவள் தோழிகளும் வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மீன் பிரியர்கள் என்றால் ஒரு சின்னச் சந்தோஷம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு என்பதால் கிழக்கே சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது, மே கடைசி வரை, மேற்கே குளச்சலிலிருந்து மீன் வரும்.

இனி பணம். 55 லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். 30 லட்சம் உங்கள் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. 15 லட்சம் இருவர் பெயரிலும் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. மேடவாக்கம் பிளாட் வாடகை 18,000, அதில் மெயின்டனன்ஸ், சொத்து வரிக்கு 3,000 போனால் 15,000. பென்ஷன் 3,100. மொத்தம் 47,850. மனைவியின் டியூஷன் வருமானத்தை நான் இதில் சேர்க்கவில்லை, அது அவருடையதாகவே இருக்கட்டும். நாகர்கோவில் வாடகை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 40,000-க்குள் குடும்பம் நடத்தினால் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் மிஞ்சும். மீதி 10 லட்சத்தில் 4 லட்சம் மருத்துவ அவசரத்துக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி பேங்க் டெபாசிட்டில். மிச்சம் 6 லட்சத்தை ஏழெட்டு வருடம் தொடாமல் நல்ல பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள், ஏனென்றால் வட்டி அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது.

பிளாட்டை விற்காதீர்கள் என்றதற்கும் இதுதான் காரணம். உங்கள் வருமானத்தில் வருடா வருடம் ஏறக்கூடியது அந்த வாடகை ஒன்றுதான். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பி வர ஒரு வீடும் இருக்கும். இந்த வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வரி வராது, வரி இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை வருட ஆரம்பத்திலேயே தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டால் வட்டியில் வரிப் பிடித்தமும் (இதையும் டிடிஎஸ் என்பார்கள்) இருக்காது.

போய்ப் பார்ப்பதை எப்போது வைத்துக்கொள்வது? எல்லோரும் ஜனவரியில் போவார்கள், கடலோர ஊர்கள் எல்லாம் அப்போது அழகாகத்தான் இருக்கும். நீங்கள் நவம்பர் நடுவில் ஒரு வாரம், மே மாதத்தில் ஒரு வாரம் போங்கள். ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்குங்கள். காய் வாங்கிச் சமையுங்கள், மனைவி அங்கிருந்தே டியூஷன் எடுக்கட்டும், நெட் எப்படி வருகிறது, கரண்ட் எத்தனை முறை போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் அவர் மட்டும் தனியாக மார்க்கெட்டுக்கும் டாக்டரிடமும் போய் வரட்டும், நீங்கள் வீட்டிலேயே இருங்கள். அங்கத்திய பேச்சு முதலில் காதில் ஏற நாளாகும், மலையாள வாடை அடிக்கும், ஆனால் பேசப் பேசப் பழகிவிடும். சொந்தம் இல்லாத ஊரில் முதல் ஆறு மாதம் பெண்களுக்குத்தான் தனிமை அதிகம். தையல் வகுப்போ, கோயில் குழுவோ, நூலகமோ, அவர் விரும்பும் ஏதாவது ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று வாடகை பேசுவதற்கு முன்பே பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முகவரி மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். சில பாலிசிகளில் ஊரைப் பொறுத்து பிரீமியம் மாறும்; சின்ன ஊர் முகவரியில் பிரீமியம் குறைந்தால், பெரிய நகரத்தில் சிகிச்சை எடுக்கும்போது ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். உங்களுக்குத் திருவனந்தபுரம் தேவைப்படலாம் என்பதால் அந்த நிபந்தனை இல்லாத பாலிசியாக வைத்துக்கொள்ளுங்கள், நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் எந்தெந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியலை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மரக்காணம் தரகர் இந்த வாரம் டோக்கன் கேட்டு போன் பண்ணுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதையும் மனையின் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாமல், நேராக ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.